இன்றைக்கு என்ன கிழமை?

நேற்றோ இன்றோ உங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து, அது இன்னும் தட்டில் வாய் வைக்கவில்லை என்றால், கையிலிருக்கும் வேலையை ஒதுக்கிவிட்டு இதைப் படியுங்கள். அதற்கு முன்னால், குட்டியைச் சுற்றி நிற்கிறவர்களைக் கலைந்து போகச் சொல்லுங்கள். பாட்டி, பேரன், எதிர்வீட்டு அக்கா, செல்போனோடு மாடியிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகள், எல்லாரும்தான். ஓர் ஆள் போதும். அந்த ஆளும் நிற்க வேண்டாம். தரையில் உட்காரட்டும்.

நேற்றுக் காலைவரை அந்தக் குட்டி ஒரு நாள்கூடத் தனியாகத் தூங்கியதில்லை. கூடப் பிறந்த ஐந்தாறு உடம்புகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்க, நடுவே தாயின் வயிற்றுச் சூடு. அங்கிருந்து தூக்கி, ஆப்பிள் பெட்டியில் பழைய பேப்பர் விரித்து, பஸ்ஸிலோ பைக்கிலோ இரண்டு மணி நேரம் குலுக்கிக்கொண்டு வந்து, வழவழவென்ற டைல்ஸ் தரையில் இறக்கி விடுகிறோம். கால் வழுக்குகிறது. தலைக்கு மேல் ஃபேன். அடுக்களையில் குக்கர் விசில். எவர்சில்வர் தட்டில் மூக்கை வைத்தால் தட்டு நகர்ந்து கிறீச்சிடுகிறது. பத்து முகங்கள் குனிந்து "சாப்பிடு, சாப்பிடு" என்கின்றன. எப்படி இறங்கும்? தாய்ப்பால் நின்று சோர்ந்த பிள்ளையைச் சவலை என்று சொல்லி இடுப்பைவிட்டு இறக்காமல் வைத்திருக்கிறவர்கள் நாம். குட்டி என்று வந்தால் மட்டும் "திமிரு, ஒரு நாள் பட்டினி போட்டா தானா வரும்" என்கிறோம்.

பட்டினி போடாதீர்கள். வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் தாங்கும். எட்டு வாரக் குட்டி தாங்காது. அதன் ஈரலில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பக், ஷிட்சூ, பொமரேனியன், சிவாவா போன்ற சின்ன ஜாதிகளுக்கு இன்னும் குறைவு. இரண்டு வேளை தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, குடித்தவன் மாதிரித் தள்ளாடும், நடுங்கும், துவண்டு படுக்கும். முற்றினால் வலிப்பு வரும். அப்படிக் கண்டால் விரலில் துளி தேனோ குளுக்கோஸ் கரைசலோ தொட்டு ஈறில் தேய்த்துவிட்டு, அந்தக் கையோடு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தேன் தேய்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பி விடாதீர்கள்.

துவளாமல், தண்ணீர் குடித்து, கூப்பிட்டால் வாலாட்டி வருகிற குட்டி முதல் நாள் அரைகுறையாகச் சாப்பிட்டால் பயமில்லை. அதைச் சாப்பிட வைக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். வந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள். செரலாக் கரைத்துக் கொடுத்து வந்தார்கள் என்றால் உங்கள் வீட்டிலும் செரலாக்தான். நீங்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கும் உசத்திப் பை ஒரு வாரம் கட்டியபடியே இருக்கட்டும். அப்புறம் பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் கூட்டி, இன்னொரு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

நாய் மூக்கால் சாப்பிடுகிற பிராணி. காய்ந்த உருண்டைத் தீனியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிசையுங்கள். கைக்குழந்தையின் பாலைப் பார்ப்பது போலப் புறங்கையில் தொட்டு, இளஞ்சூடு இருக்கும்போதே வையுங்கள், வாசம் எழும். உப்பில்லாமல், வெங்காயம் பூண்டு இல்லாமல் கோழி வேகவைத்த தண்ணீர் இரண்டு ஸ்பூன் விட்டால் இன்னும் நல்லது. தட்டு தட்டையாக இருக்கட்டும். அடியில் நனைத்த சாக்குத் துண்டைப் போட்டால் நகராது. விரல் நுனியில் தொட்டு மூக்குக்கு முன்னால் காட்டுங்கள். நக்கினால் நக்கட்டும். இல்லையென்றால் தட்டைக் காட்டிவிட்டு நீங்கள் வேறு பக்கம் பாருங்கள். கால் மணி, இருபது நிமிடம். தொடாவிட்டால் வாய் பேசாமல் தட்டை எடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துப் புதிதாகப் பிசைந்து வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஊறிய தீனி சீக்கிரம் புளித்துவிடும். ஒரு நாளைக்கு நாலு வேளை. தண்ணீர் எந்நேரமும் பக்கத்தில் இருக்கட்டும்.

வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். பாலாடையில் குழந்தைக்குப் புகட்டிய அனுபவம் இருக்கிறது என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். திமிறுகிற குட்டியின் தொண்டையில் ஊற்றியது புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. சாப்பிடாத குட்டி என்ற ஒரு கவலை போய் இரண்டு கவலை வந்து சேரும்.

பசும்பால், பாக்கெட் பால் இரண்டுமே வேண்டாம். பல குட்டிகளுக்கு அது செரிக்காமல் வயிற்றைக் கலக்கிவிடும். ஏற்கெனவே காலியான வயிறு. மேரி பிஸ்கட் உயிரை வாங்காது. ஆனால் இனிப்பு ருசி கண்ட குட்டி தட்டை ஏறிட்டுப் பார்க்காது. சாம்பார் சாதத்தில் வெங்காயம் இருக்கிறது, அது நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். கேசரியிலிருந்து உலர் திராட்சை ஒன்றைப் பிள்ளைகள் ஆசையாக நீட்டுவார்கள். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு குத்தூசியாக உடையும். சுடுகிற மாதிரி இருக்கிறதே என்று காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாரசிட்டமால் கணக்குத் தப்பினால் ஈரல் போகும். மேலும் நாயின் உடம்பு இயல்பிலேயே நம்மைவிடச் சூடு, 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது.

இவ்வளவு அதட்டலாக எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தப்புச் செய்தவன் என்ற தகுதிதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லேப்ரடார் குட்டி ஒன்றைக் கொண்டு வந்தேன். விற்றவர் நாற்பது நாள் என்றார். பல்லைப் பார்த்து வயது சொல்ல எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் அதற்கு மூன்று பெயர் வந்துவிட்டது, சண்டையில் 'மணி' ஜெயித்தது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வந்தார்கள், ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினார்கள், போட்டோ எடுத்தார்கள். அன்றும் சாப்பிடவில்லை. "ஏக்கம்டா, தாயைத் தேடுது, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்றாள் அம்மா. ஒருவர் கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார். திங்கட்கிழமை நுரையாகக் கக்கியது. ஏக்கத்தில் கக்குமா என்று நான் யோசிக்கவில்லை. ஏக்கம் என்ற சொல் அவ்வளவு வசதியாக இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட முடிந்தது.

செவ்வாய் ராத்திரி ரத்தமாகப் போயிற்று. அந்த வாடையை ஒரு தரம் மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். புதன் காலை மாட்டாஸ்பத்திரி. டாக்டர் மேசையில் கிடத்தி, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

"எப்பலேர்ந்து சாப்பிடல?"

"சனிக்கிழமைலேர்ந்து சார்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, டிரிப்ஸ் போட ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை விடிவதற்குள் மணி போய்விட்டது.

அது பார்வோ. 1978வாக்கில் உலகத்துக்குத் தெரிய வந்த வைரஸ். குடலின் உள்தோலை அரித்து, வெள்ளணுக்களையும் தின்றுவிடும். உள்ளே புகுந்து பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாளில் வெளியே காட்டும். என் குட்டி வரும்போதே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று டாக்டர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். கவனிக்காமல் விட்டால் பத்தில் ஒன்பது குட்டிவரை போகும். வேளையோடு கொண்டுபோனால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். அது சிகிச்சையில்லாத நோயும் அல்ல, ஆஸ்பத்திரி இல்லாத ஊரும் அல்ல. நடுவில் இருந்தது என்னுடைய இரண்டு நாள் சோம்பேறித்தனம்.

ஆகவே ஏக்கத்துக்கு ஒரு கெடு வையுங்கள். ஒரு வாய்கூட உள்ளே போகாமல் பன்னிரண்டு மணி நேரம் ஆனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். சின்ன ஜாதி என்றால் அதில் பாதி. கக்கினாலோ, நீராகப் போனாலோ, கூப்பிட்டும் தலை தூக்காமல் கிடந்தாலோ கெடுவே கிடையாது, உடனே. காத்திருக்கும் நேரத்திலும் சும்மா இருக்க வேண்டாம். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கிற குட்டிக்குக் கீழ் இமையை இறக்கி உள்பக்கம் பார்க்கலாம். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் சட்டென்று படிய வேண்டும், கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. தடுப்பூசி போடாத குட்டியை ஆஸ்பத்திரித் தரையில் விடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். கக்குகிறது என்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், அடுத்த மடியில் இருப்பதும் ஒரு குட்டிதான்.

"தெருநாய்க்கு யார் இப்படித் தட்டு வைக்கிறார்கள்? அது வளரவில்லையா?" இந்தக் கேள்வியை எல்லா ஊரிலும் ஒருவர் கேட்பார். வளர்ந்தவை மட்டும்தான் நம் கண்ணில் படுகின்றன. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், குட்டி போடும் வயதை எட்டியவை நூற்றுக்கு 19. மிச்சத்தை யாரும் எண்ணுவதில்லை.

இன்னும் குட்டி வாங்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. சந்தையில் கூடையில் கிடப்பவற்றில் எத்தனை அந்த வயதைத் தொட்டவை என்று விற்கிறவருக்குத் தெரியும். "சோறு திங்குது சார்" என்பார். தின்று காட்டச் சொல்லுங்கள். என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு, பூச்சி மருந்து எந்தத் தேதியில், ஊசி எது போட்டது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். பரிதாபப்பட்டு வாங்கினால், நாளைக்கு அதே கூடையில் இன்னொன்று உட்காரும். தாயின் மேல் தேய்த்த ஒரு பழைய துணியும் வேண்டும். அந்தத் துணிக்கு விலை கிடையாது, ஆனால் நீங்கள் வாங்கி வருகிற சாமான்களிலேயே முதல் ராத்திரிக்கு உதவுவது அதுதான். பெட்டியில் துணியைப் போட்டு, பெட்டியை உங்கள் கட்டிலோரம் வைத்துக்கொள்ளுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டால் போதும்.

மூன்று நாள் லீவு போட முடியாதவர்கள் இந்த மாதம் குட்டி வாங்க வேண்டாம். தீபாவளி வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

மணி போன மறுநாளே, "இன்னொண்ணு கொண்டாந்துரு, மனசு ஆறும்" என்றார்கள். டாக்டர் தடுத்தார். அந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் வாசல் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்குச் சாகாது என்றார். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவினோம், பாயையும் கிண்ணத்தையும் எரித்தோம், ஒரு வருடம் காத்திருந்தோம். அடுத்து வந்தது ஒன்பது வாரம் ஆன நாட்டுக் குட்டி, முதல் ஊசி போட்டது. அதுவும் முதல் ராத்திரி சாப்பிடவில்லை. நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை நாலு மணிக்குச் சாக்கின்மேல் தட்டு மெல்ல அசைகிற சத்தம் கேட்டது.

உங்கள் குட்டி இப்போது எந்த மூலையில் படுத்திருக்கிறது? எழுந்து போய் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று காலண்டரில் எழுதி வையுங்கள்.