கோழியின் தீனிப்பையும் வளர்ப்பவர் கடனும்

கோழி கொத்தி விழுங்கும் இரை நேரே வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்தடியில், மார்பின் வலப்பக்கமாகச் சற்றே ஒதுங்கியிருக்கும் தீனிப்பையில்தான் முதலில் தங்குகிறது. அங்கே ஊறி இளகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரப்பு வயிற்றுக்கும் அதை அடுத்த அரைவைப்பைக்கும் இறங்குகிறது. பல் இல்லாத பறவைக்கு, விழுங்கி வைத்த சிறு கற்களைக் கொண்டு இரையை அரைத்துக் கொடுப்பது அரைவைப்பை. மாலையில் அடையப் போகும் கோழியின் தீனிப்பை புடைத்திருக்கும். விடிந்ததும், தீனி வைக்கும் முன், அது வற்றிப்போயிருக்க வேண்டும். வற்றவில்லை என்றால் இரை இறங்கவில்லை என்று பொருள். அந்தக் கோழிக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டுமா, எதுவரை பார்க்கலாம், பார்க்காமல் அறுத்துக் குழம்பு வைத்துவிட்டால் அது தவறா? சமயங்களும் தத்துவமும் வெகுகாலமாகப் பேசிவரும் பெரிய கேள்வி ஒன்று இந்தச் சிறிய கேள்விகளுக்குள் இருக்கிறது: கொன்று தின்பதற்காகவே வளர்க்கும் உயிருக்கு மனிதர் கடன்பட்டவரா?

பெங்களூரின் விவேக் நகரில் இந்தக் கேள்வி பல குரல்களில் எழக்கூடும். ஈஜிபுரா, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் என்று தமிழ் புழங்கும் பகுதிகள் சூழ்ந்த இடம் அது. 1971-இல் தொடங்கிய குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைதோறும் எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். கத்தோலிக்கர், அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொள்பவர், முஸ்லிம்கள் எல்லாரும் சில தெருக்களுக்குள் வாழ்கிறார்கள். இப்படிச் சுவரோடு சுவர் ஒட்டிய நகரப் பகுதியில் கோழி வளர்ப்பவருக்கு மொட்டை மாடியோ வீட்டோரத்துச் சந்தோதான் கிடைக்கும். கிளறுவதற்கு மண் குறைவு, குப்பை அதிகம். அதுவே நோய்க்கும் வழி.

தீனிப்பைக் கோளாறு பெரும்பாலும் மூன்று வகையில் வரும். முதலாவது அடைப்பு. நீண்ட புல், வைக்கோல், பூமாலை நார், தையல் நூல், ரப்பர் பேண்டு, பால் கவரின் கிழிந்த மூலை ஆகியவை உள்ளே சுருண்டு கட்டியாகிவிடும். தொட்டால் கல்லாக இருக்கும். இரண்டாவது புளிப்பு. தேங்கிய இரை நொதித்து, கேண்டிடா என்ற பூஞ்சை பெருகும். பை நீர் நிரப்பிய பலூன்போலத் தளும்பும், அலகைத் திறந்தால் புளித்த நாற்றம் அடிக்கும். கண்டபடி கொடுத்த ஆன்டிபயாட்டிக், ஊசிப்போன சோறு, ஈரத் தீனி எல்லாம் இதற்குத் துணைபோகும். மூன்றாவது தொங்கல். தசை தளர்ந்து பை கீழே தொங்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுத்துப் பார்த்துக்கொண்டால் அப்படிப்பட்ட கோழி பல காலம் வாழக்கூடும். சில வேளை கோளாறு பையிலேயே இருக்காது. மாரெக்ஸ் நோய் நரம்பைத் தாக்கினாலோ, குடலில் புழு நிறைந்தாலோ, வேறு உறுப்பில் நோய் முற்றினாலோ அதன் வெளி அடையாளமாகப் பை இறங்காமல் நிற்கும்.

அடைப்புக் கண்ட கோழி பட்டினியால் சாகிறது. தொண்டைக்குக் கீழே கைப்பிடி அளவு இரை இருக்கிறது. உடம்புக்கு ஒரு மணிகூடச் சேர்வதில்லை. சில கோழிகள் கடைசிவரை கொத்திக்கொண்டே இருக்கும். வடலூர் வள்ளலார் (1823–1874) சீவகாருண்ய ஒழுக்கத்தை விளக்கும்போது உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, கொலை, பிணி, அச்சம் முதலியவையாகப் பிரித்துக் காட்டி, பசியை நீக்குவதையும் கொலையைத் தடுப்பதையும் மற்றவற்றுக்கு மேலாக வைத்தார். தீனிப்பை நோயில் பிணியும் பசியும் தனித்தனியாக நிற்பதில்லை. பிணியைத் தீர்த்தால்தான் பசி தீரும். துன்பம் அவரவர் வினைப்பயன், இறைவன் விதித்தது, அதில் குறுக்கிடலாமா என்ற மறுப்பை வள்ளலாரே எடுத்துப் பேசி ஒதுக்கியிருக்கிறார். நோயுற்ற கோழியைப் பார்த்து ‘அதன் விதி’ என்று கைவிடுபவருக்கு அந்த மரபில் இடமில்லை. புலாலுக்கும் அதே மரபில் இடமில்லை. ஆகவே கறிக்காகக் கோழி வளர்ப்பவருக்கு வள்ளலார் பாதிப் பதிலைத்தான் தருவார். மீதியை வேறிடங்களில் தேட வேண்டும்.

கிறிஸ்தவ மரபு அதற்கு நேரெதிரான முனையில் தொடங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், விலங்குகள் மனிதரின் பயனுக்காகவே உள்ளவை என்றார். அவற்றிடம் கொடுமை கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம், அந்தப் பழக்கம் மனிதரிடமும் கொடுமையாகத் திரும்பும் என்பதே. 18-ஆம் நூற்றாண்டில் காண்ட்டும் ஏறக்குறைய அதையே சொன்னார். இந்தக் கணக்கின்படி வலி கோழிக்கு, கெடுதல் மனிதருக்கு. நோயுற்ற கோழியை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவருக்கு இந்த விளக்கம் போதாது என்று தெரியும்; கண்ணெதிரே துன்பப்படுவது கோழி, வளர்ப்பவரின் குணம் அல்ல. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சற்று முன்னேறி, விலங்குகள் இறைவனின் படைப்புகள், மனிதர் அவற்றிடம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. உணவுக்கு அவற்றைப் பயன்படுத்தலாம் என்கிறது. தேவையின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. கூடவே, மனிதரின் துயர் துடைக்க முதலில் போக வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் சேர்க்கிறது.

அந்தக் கடைசிக் கூற்று எளிய குடும்பங்களில் கோழி விஷயத்தில் நேராக வந்து மோதும். மருத்துவரிடம் கொண்டுபோக ஆகும் செலவு கோழியின் விலையைத் தாண்டிவிடலாம். ஹெப்பாளில் 1958-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்றாலும், விவேக் நகரிலிருந்து நகரின் வடகோடிவரை கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக் கோழிக்குச் செலவழி என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் காசு கேட்காத பரிவும் உண்டு. நேரம், சுத்தமான தண்ணீர், விரல் நுனியின் பொறுமை ஆகியவை யாரிடமும் உண்டு. வீட்டு வைத்தியத்தின் அறம் இங்கேதான் தொடங்குகிறது: பணத்தைக் காரணம் காட்டி மருத்துவரை விட்டவருக்கும் தன் கையால் ஆவதைச் செய்யும் கடன் மிஞ்சுகிறது.

இஸ்லாமிய மரபில் வளர்ப்பவரின் பொறுப்பு இன்னும் வெளிப்படையானது. பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானதை நபிமொழி சொல்கிறது. இதில் குற்றம், அடைத்துவைத்தவர் அடைத்ததற்குரிய பொறுப்பை ஏற்காதது. அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொள், உயிருக்கு வேதனையைக் குறை என்பது இன்னொரு நபிமொழியின் பொருள். கொல்லும் உரிமையும் வதைக்காத கடனும் ஒருவரிடமே சேர்ந்து இருக்க முடியும் என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் காண்பது கடினம். தமிழ்நாட்டுக் கிராமத் தெய்வ வழிபாட்டிலும் இதற்கு இணையான ஓர் உணர்வு உண்டு. பலியிடும் ஆட்டின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்த பிறகே வெட்டுவார்கள், சிலிர்ப்பதுதான் சம்மதம். ஆடு உண்மையில் சம்மதிக்கிறதா என்பது வேறு. உயிரை எடுக்கக் கேட்டாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது என்பதே இங்கு முக்கியம். நேர்ந்துவிட்ட சேவலுக்குக் காலில் அடிபட்டால் வீடே பதறுவதும் அதனால்தான்.

இத்தனை மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கோழி விஷயத்தில் உறுதியான அடித்தளமாக நிற்பது பொறுப்பேற்பு. காட்டுக்கோழிக்கு நூல்கண்டு கிடைக்காது, பால் கவர் கிடைக்காது, நேற்றைய சோறும் கிடைக்காது. அரைக்கத் தேவையான கற்களைத் தானே தேடிக்கொள்ளும். பஞ்சாரத்தில் கவிழ்த்து, மாடியில் அடைத்து, நாம் போட்டதை மட்டும் தின்ன விட்ட பிறகு, அதன் தீனிப்பையில் சேர்வது பெரும்பாலும் நம் வீட்டுக் கழிவு. ஆகவே கடன் இரக்கத்தில் பிறக்கிறது என்பதைவிட, நாம் செய்த ஏற்பாட்டிலேயே பிறக்கிறது என்பது பொருத்தம். இரக்கம் வரும், போகும். ஏற்பாடு ஒவ்வொரு நாளும் தொடர்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் மூன்றாம் பிரிவில் விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் கடமை என்றே இதை வகுக்கிறது: அதன் நலனுக்கு நியாயமான எல்லா ஏற்பாடுகளையும் செய்ய வேண்டும், தேவையற்ற வலியைத் தடுக்க வேண்டும். விலங்குக்கு மருத்துவம் என்பது இந்த நாட்டில் புது எண்ணமும் அல்ல. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்குமாக இருவகை மருத்துவ ஏற்பாட்டைச் சொல்லி, அது நடந்த இடங்களில் சோழ, பாண்டிய நாடுகளையும் சேர்க்கிறது.

கடன் உண்டு என்று கொண்டால் அடுத்தது அதன் அளவு. அடைப்பு என்று தெரிந்ததும் கோழியைத் தனியே நிழலில் வைத்து, கெட்டித் தீனியை ஒருநாள் நிறுத்தி, தண்ணீரை மட்டும் பக்கத்தில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரையும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயையும் அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு, கோழி தானாக விழுங்கக் காத்திருக்க வேண்டும். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்தே இருக்கிறது; அவசரமாக ஊற்றினால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு விரல்களால் பையை மெல்லப் பிசைந்து கட்டியை உதிர்க்க வேண்டும். ஒரு நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். இளகினால் மறுநாள் கொஞ்சம் மென்மையான தீனியும், விழுங்கப் பொடிக்கல்லும் கொடுக்கலாம். இரண்டு மூன்று நாளில் இறங்காவிட்டால் அதற்குமேல் வீட்டுக் கைப்பாங்கு போதாது. புளிப்புக்கு நிஸ்டாடின் போன்ற பூஞ்சை மருந்தை மருத்துவர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. அளவு சற்றுத் தவறினாலும் அது விஷம்.

கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் புளித்த நீரைக் கக்கவைப்பது பலர் செய்வது. உடனே பை வற்றுவதால் வைத்தியம் பலித்ததாகத் தோன்றும். ஆனால் அதே நீர் மூச்சுக்குழலில் இறங்கிக் கையிலேயே கோழி செத்துப்போவதும் உண்டு. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று நினைப்பவருக்கு இது ஒரு தடை. தெரியாத கையின் பரிவு கேடாக முடியலாம் என்பதால், தெரிந்துகொள்வதும் கடனின் பகுதியாகிறது.

கடினமான இடம் கத்தி. தமிழகக் கிராமங்களில் பிளேடால் தீனிப்பையைக் கீறி, அடைப்பை எடுத்து, தையல் நூலால் தைத்து மஞ்சள் பூசும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அப்படித் தைத்த கோழிகள் பல பிழைத்துமிருக்கின்றன. அந்த இடத்துத் தோலும் பையும் விரைவில் ஆறக்கூடியவை. பிழைக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். விளைவை மட்டும் பார்த்தால் அந்த வாதத்தை மறுப்பது எளிதல்ல. ஆனால் உணர்விழக்கும் மருந்து இல்லாமல் வெட்டும்போது வலி முழுவதும் கோழிக்குப் போகிறது. துணிச்சலின் பெயர் வளர்ப்பவருக்குக் கிடைக்கிறது. வலியில் கத்தாமல் ஒடுங்கிக் கிடப்பது இரையாகும் பறவையின் இயல்பு. அந்த அமைதியை வலியின்மை என்று கொள்வது தவறு. செலவும் அலைச்சலும் ஆனாலும் மருத்துவர் இருக்கும் நகரத்தில், அந்தக் கிராமத்து வழக்கத்துக்கு இருந்த நியாயம் இல்லை. மருத்துவரும் இல்லை, கைவைத்தியமும் பலிக்கவில்லை என்றால் மிஞ்சுவது இரண்டு: மெல்லச் சாக விடுவது, அல்லது விரைவாகக் கொல்வது.

இங்கே இந்திய மரபு இரண்டாகப் பிரிகிறது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்த கன்றுக்குட்டியை காந்தி மருத்துவரைக் கொண்டு ஊசிபோட்டு உயிர்நீக்கச் செய்தார். அகிம்சை பேசியவரே கொன்றார் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. சமணர்கள் பலரும் கண்டித்தார்கள். உயிரை எடுக்கும் அதிகாரம் எந்த நிலையிலும் மனிதருக்கில்லை என்பது அவர்கள் நிலை. டெல்லி செங்கோட்டை எதிரே உள்ள சமணப் பறவை மருத்துவமனை அந்தப் பிடிப்போடு நடக்கிறது. கொன்று தின்னும் பறவைகளைத் தாவரம் உண்பவற்றோடு உள்ளே தங்கவைப்பதில்லை; வெளிநோயாளிகளாகவே பார்க்கிறார்கள். அந்த உறுதிக்கு மரியாதை செலுத்தத்தான் வேண்டும். ஆனால் அது ஒருபோதும் கோழியைக் கொல்லாதவர் பேசக்கூடிய உறுதி. ஞாயிறன்று கறிக்கு அறுப்பவர், பசியால் வற்றிப்போகும் கோழியின் முன் மட்டும் உயிரின் புனிதத்தைச் சொல்லிக் கைகட்டி நிற்பது நேர்மையாகாது. அவருக்குப் பொருந்துவது காந்தியின் முடிவு: மீள வழியில்லை என்று உறுதியான பிறகு, தெரிந்த கையால், கூர்மையான கத்தியால், மற்றக் கோழிகளின் கண்ணில் படாமல் முடிப்பது.

நோயின் தொடக்கத்திலேயே, வைத்தியம் எதுவும் பாராமல், கறிக்கு அறுத்துவிடுவது வேறு கேள்வி. உணவுக்குக் கொல்வதை ஏற்கும் மரபுகள் இதைத் தனியே தடுக்கவில்லை. எனினும் நோய் இன்னதென்று தெரியாத கோழியை உண்பது வீட்டாருக்கே ஆபத்து. மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் மருத்துவர் சொல்லும் நாள்வரை தவிர்க்க வேண்டும். தானாகச் செத்ததை உண்ணக் கூடாது என்பதில் யூத, இஸ்லாமியச் சட்டங்கள் ஒத்துப்போகின்றன. இறந்த கோழியைக் கையுறை போட்டுத் திறந்து தீனிப்பையில் இருந்தது என்ன என்று பார்த்துவிட்டு, நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கலாம். நூலோ பிளாஸ்டிக்கோ இருந்தால் மற்றக் கோழிகள் மேயும் இடத்தை அன்றே கூட்ட வேண்டும். பையில் ஒன்றுமே இல்லாவிட்டால் தொற்றுநோயைச் சந்தேகித்து, புதைக்காமல் உடலை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மிஞ்சிய கோழிகளின் கழுத்தடியை அடுத்த சில நாள் காலையில், தீனி வைக்கும் முன், தொட்டுப் பார்த்து வர வேண்டும்.