எத்தனையாவது குழந்தை?

“பெத்தவங்க யோசிச்சிருக்கணும்.” நான்கைந்து பிள்ளைகளோடு ரேஷன் அரிசியையும் அரசு உதவியையும் நம்பி வாழும் குடும்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்கும். அடுத்து வரிப்பணக் கணக்கு தொடங்கும்: “ஒண்ண வெச்சிக்கிட்டே நாங்க திணறுறோம். அஞ்சு பெத்தவனுக்கு நாங்க ஏன் அழணும்?”

இப்படிக் கேட்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்தவர்கள், இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையை மனதுக்குள்ளேயே புதைத்துக்கொண்டவர்கள் இதைக் கேட்கிறார்கள். அவர்களுடைய களைப்பு உண்மையானது. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. கோபம் தகப்பன் மேல். குறைவதோ குழந்தையின் சோறு. ஐந்தாவதாகப் பிறந்த பிள்ளை எந்த முடிவையும் எடுக்கவில்லை. அதற்குப் பசி மட்டும் முதல் பிள்ளைக்கு இருப்பதைப் போலவே இருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் மாநிலத்துக்கே இரண்டு மனம். 1950-களில் காமராஜர் பரவலாக்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் எந்தப் பிள்ளையிடமும் “நீ எத்தனையாவது?” என்று கேட்டதில்லை. பள்ளிக்கு வந்தால் தட்டு உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை பிறக்கும்போது அரசு அதைக் கேட்டுவிடுகிறது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். வேலைக்குப் போகும் தாய்க்கு 26 வார விடுப்பு தரும், 2017-இல் வந்த விதி, ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருந்தால் அதை 12 வாரமாகக் குறைக்கிறது. மூன்றாவது பிரசவத்தில் தாயின் உடம்பு சீக்கிரம் தேறிவிடுமா? அந்தச் சிசுவுக்குக் குறைவாகப் பால் போதுமா? அடுத்தடுத்துப் பெற்ற உடம்புக்குத்தான் ஓய்வும் ஊட்டமும் கூடுதலாகத் தேவை என்று எந்தக் கிராம செவிலியரும் சொல்வார்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது பெண் குழந்தைக் கதை. பெண் சிசுக்கொலைச் செய்திகள் நாட்டையே உலுக்கிய பிறகு, 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அதே ஆண்டு பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டமும் வந்தது. ஆண் வாரிசு இல்லாமல் ஒன்றோ இரண்டோ பெண் பிள்ளைகள் மட்டும் இருந்து, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால், பிள்ளைகளின் பெயரில் அரசு வைப்புத்தொகை போடும். நோக்கம் நல்லது. ஆனால் அந்த நாட்களில் உயிருக்கே ஆபத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் முதல் பெண்கள் இல்லை. பையனை எதிர்பார்த்த வீட்டில் இரண்டாவதாக, மூன்றாவதாகப் பிறந்த பெண்கள். மூன்றாவது பெண்ணைப் போட்டுவிட்டுப் போகத் தொட்டில் இருந்தது. அவளை வைத்து வளர்க்க வைப்புத்தொகை இல்லை.

நான் ஐந்து பிள்ளைகளில் நான்காவது. சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன். இரண்டோடு நிறுத்தும் விதி அந்தச் சமையல் கூடத்திலும் இருந்திருந்தால், என் அண்ணனும் அக்காவும் வரிசையில் நிற்க நான் வெளியே நின்றிருப்பேன். அந்தச் சாம்பார் சாதத்தைத் தானம் என்று நான் உணர்ந்ததே இல்லை. எல்லோருக்கும் ஒரே கரண்டி என்பதால் அங்கே கூசிக் குறுக வேண்டியிருக்கவில்லை.

உதவியை நிறுத்தினால் ஏழைகள் பிள்ளை பெறுவதைக் குறைப்பார்கள் என்ற நம்பிக்கையைப் பிரிட்டன் நடைமுறையில் சோதித்துப் பார்த்தது. 2017 ஏப்ரல் 6-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த மூன்றாவது குழந்தை முதல், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பிள்ளைக் கணக்கில் தரும் தொகையை நிறுத்தினார்கள். வல்லுறவால் பிறந்த குழந்தைக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்குப் பெறத் தாய் தனக்கு நேர்ந்ததைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். பால் வாங்கும் காசுக்காக ஒரு பெண்ணை அந்த நாளுக்குத் திரும்பிப் போகச் சொன்ன சட்டம் அது. விளைவு என்ன? பிறப்பு எண்ணிக்கை மிகச் சிறிதே குறைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். வறுமையில் வளரும் பிள்ளைகள்தான் பெருகினார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் யாராவது ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், சம்பளம் போதவில்லை. கடைசியில், 2026 ஏப்ரலில் இந்த வரம்பை நீக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அரசே அறிவித்தது.

அப்படியானால் குடும்பங்கள் எப்படிச் சிறுக்கின்றன? தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு பிள்ளைகள். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1.8. இதற்குப் பின்னால் அரசின் இலக்குகளும் வற்புறுத்தலும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றால் மட்டும் இது நடக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறு பேருக்கும் மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அந்த எண்ணிக்கை 13. பெற்றது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தபோது கூடுதலாகப் பெற வேண்டிய பயம் போனது. ஆரம்ப சுகாதார நிலையம் அருகில் வந்தது, பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாண வயது ஏறியது. குழந்தைக்குக் கிடைத்த பாதுகாப்புதான் குடும்பத்தைச் சிறிதாக்கியது.

இன்றைக்கும் நிறையப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை யார் தீர்மானித்தது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு ஏறக்குறைய முழுக்கப் பெண்ணின் வயிற்றில்தான் நடக்கிறது. கருத்தடை அறுவை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பையன் வேண்டும் என்பது மாமியார் வீடு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளிடம் இல்லை, பிறந்த பிறகு “யோசிச்சிருக்கணும்” என்பது மட்டும் அவள் தலையில். மேலிருந்து அரசு செலுத்துவதும் இதே அதிகாரம்தான். நெருக்கடி நிலையின்போது 1976–77-இல் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. இன்று மக்கள்தொகைப்படி தொகுதிகளை மறுவரையறுத்தால் இடங்கள் குறையுமோ என்ற கவலையிலும் முதியோர் பெருகும் கவலையிலும் அதிகம் பெற்றுக்கொள்ளச் சொல்லித் தென்மாநிலத் தலைவர்கள் பேசுகிறார்கள். இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்றிருந்த ஆந்திரம் 2024-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. காலத்துக்குக் காலம் அரசின் தேவை மாறும். அதற்கேற்ப ஏழைப் பெண்ணைக் குற்றவாளியாகவும் தியாகியாகவும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இனி அந்த வரிப்பணக் கேள்வி. ஒரு பிள்ளையோடு நிறுத்தியவருக்கும் முதுமை வரும். அன்று அவருக்கு ஊசி போட வருபவர், அவர் தெருவில் மின்கம்பம் ஏறுபவர், அவருடைய ஓய்வூதியத்துக்கு வரி கட்டுபவர் யாரோ பெற்ற பிள்ளைகள். அந்தப் பிள்ளை படித்து வளர்ந்தால் பலன் எல்லோருக்கும் போகும். பாதியில் நின்றுவிட்டால் இழப்பும் எல்லோருக்கும்தான். ஒரு பிள்ளையோடு திணறுகிறவருக்கு வேண்டிய நியாயம், நல்ல அரசுப் பள்ளியாகவும் தரமான அரசு மருத்துவமனையாகவும் அவருக்கும் வந்து சேர வேண்டும். ஐந்து பிள்ளை வீட்டில் சோற்றைக் குறைப்பதால் அவருடைய நகை அடகிலிருந்து மீளாது.

பெற்றோருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வீட்டுக்குக் காசு தராத தகப்பனிடம் ஊரும் சட்டமும் கறாராகவே இருக்கட்டும். பெண்ணுக்குக் கருத்தடை கேட்டவுடன், மரியாதையோடு, நிபந்தனை இல்லாமல் கிடைக்கட்டும். ஆணும் அதில் பங்கெடுக்கட்டும். ஆனால் குழந்தைக்குப் போகிற உதவி குழந்தையைப் பார்த்துப் போகட்டும். மகப்பேறு நிதியும் வைப்புத்தொகையும் விடுப்பும் பிறந்த வரிசையைக் கேட்பதை நிறுத்த வேண்டும். சத்துணவுக் கூடத்தில் பல்லாண்டுகளாக நாம் கடைப்பிடிக்கும் நியாயம் இதுதான். அதைப் பிரசவ வார்டு வரைக்கும் கொண்டுபோவது நம்மால் முடியாத காரியம் இல்லை.