கண்டதும் காட்டியதும்

கல்வராயன் மலைமேல் உள்ள எங்கள் கிளைப்பங்குச் சிற்றூர்களில் கடலைக் கண்டவர்கள் மிகச் சிலரே. கோமுகி அணை நிரம்பி நிற்பதைப் பார்த்து, "கடல் இதைவிடப் பெரிசா சாமி?" என்று கேட்ட சிறுவன் ஒருவனை எனக்குத் தெரியும். இத்தகைய மண்ணிலிருந்து புறப்பட்ட இளைஞன் ஒருவன் இன்று புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா பயிற்சி அளிக்கிறான். நீரடியில் படமெடுத்து, கட்டுரையும் எழுதி, அத்துறைக்கென்றே வெளிவரும் வெளிநாட்டு இதழ் ஒன்றிற்கு அனுப்புகிறான். பங்கு மக்களுக்கு அதில் பெருமை, எனக்கும்தான்.

விடுமுறைக்கு வந்திருந்த அவன், கச்சிராயபாளையத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது என்னிடம் ஒன்றைச் சொன்னான். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, எழுதுவதற்கு அவனே இசைவு தந்தான். இல்லையேல் இக்கட்டுரைக்கே இடமில்லை.) இதழில் வெளிவந்து பலராலும் பாராட்டப்பெற்ற அவனது படத்தில், செந்நிறக் கடல் விசிறியின் கிளையொன்றை வாலால் சுற்றிக்கொண்டு ஒரு கடற்குதிரை நிற்கிறது. உண்மையில் அது நின்ற இடம் வேறு. சேற்றுத் தரையில் கிடந்த அறுந்த நைலான் வலைத்துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பழுப்புப் பின்னணி இதழுக்கு எடுபடாது என்றெண்ணி, கையிலிருந்த குச்சியால் மெல்ல நகர்த்தி, நான்கு முழத் தொலைவில் இருந்த விசிறியில் கொண்டுசேர்த்தான்.

"மீனும் நெசம், விசிறியும் நெசம், கடலும் நெசம். நான் சொன்னது பொய்யா சாமி?"

குருமடத்தில் மெய்யியல் பயின்றவனுக்கு இது எளிய வினாவாகவே தோன்றியது. உண்மை என்பது பொருளுக்கும் அறிவுக்கும் உள்ள இசைவு என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் தந்த விளக்கம். கடற்குதிரை விசிறியைப் பற்றி நின்றதாகப் படம் பார்ப்பவர் எண்ணுகிறார், அது அங்கே நிற்கவில்லை, இசைவு இல்லை. இவ்வாறு இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் என்னை மடக்கினான்.

"அப்படீன்னா ஃபிளாஷ் போடறதும் பொய்தானே?"

நீர், ஒளியின் நிறங்களில் சிவப்பையே முதலில் விழுங்கிவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்திற்குள்ளாகவே அது பெரும்பாலும் மறைந்துவிடும். இன்னும் ஆழத்தில் விரல் கீறினால், கசியும் குருதி பச்சை கலந்த கருமையாகத் தெரியும். அங்கே கடல் விசிறி மங்கலான ஒரு சாம்பல் புதர். விளக்கொளி பாயும் நொடியில்தான் சிவக்கிறது. 1926இல் ஃபுளோரிடாவை அடுத்த டிரை டார்டுகாஸ் தீவுகளில் வில்லியம் லாங்லி என்ற மீனியல் அறிஞரும் சார்லஸ் மார்ட்டின் என்ற புகைப்படக் கலைஞரும் நீரடியில் வண்ணப்படம் எடுத்தபோது, தெப்பத்தின்மேல் மக்னீசியத் தூளை வெடிக்கச் செய்தே ஒளி பெற்றனர். ஒருமுறை லாங்லி தீக்காயமும் பட்டார். 1927 சனவரி மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் உலகம் வியந்து பார்த்த அந்தப் படங்கள் பொய்யா?

பேருந்து ஒன்று வந்து போயிற்று. நாங்கள் ஏறவில்லை.

விளக்கு பொருளில் இல்லாததைச் சேர்ப்பதில்லை என்றுதான் இன்றும் எண்ணுகிறேன். செம்மை விசிறியில் இருந்தது. ஒளிதான் அங்கே இல்லை. தவிர, அவ்விதழைப் படிப்போர் அனைவரும் ஃபிளாஷை அறிவர். ஏமாற்றும் எண்ணத்திலேயே பொய்யின் வேர் இருப்பதாகப் புனித அகுஸ்தினார் கண்டார். அந்த அளவுகோலில் வைத்தால் ஃபிளாஷ் தப்பிவிடுகிறது, குச்சி தப்பவில்லை. கட்டுரையில் குச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குச்சியினும் கொடியவை நடந்ததுண்டு. ழாக் கூஸ்தோ, லூயி மால் இருவரும் இயக்கி 1956இல் வெளிவந்த 'மௌன உலகம்' என்ற திரைப்படத்தில், மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் வெடிவைக்கிறார்கள். மீன்கள் செத்து மிதக்கின்றன. கான் திரைவிழாவின் உயரிய விருது அப்படத்திற்குக் கிடைத்தது. பிற்காலத்தில் கடலைக் காக்க உலகெங்கும் குரல் கொடுத்தவரும் இதே கூஸ்தோதான். செயல் கொடியது, ஆயினும் அவர்கள் அதை மறைக்கவில்லை. வெடித்ததைக் காட்டியதால்தான் அடுத்த தலைமுறை அதைக் கண்டிக்க முடிந்தது. என் நண்பனின் படமோ எவருக்கும் அந்த வாய்ப்பைத் தரவில்லை.

கடற்குதிரை நீந்துவதில் திறன் குறைந்த உயிர். வாலால் எதையேனும் பற்றிக்கொண்டு, சூழலின் நிறத்தோடு ஒன்றி உயிர் பிழைப்பது. 2001இல் நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பழுப்பு நிறத்ததைச் சிவப்பில் நிறுத்துவது பகைக்குக் காட்டிக்கொடுப்பதன்றோ? இதை என்னைவிட அவன் நன்கறிவான், உறுத்தலும் அதனால்தான்.

எனினும் என்னை மிகவும் வருத்தியது மீனன்று, வலை. அறுந்து மூழ்கிய வலையை அல்லாமல் பற்றிக்கொள்ள வேறொன்றும் அந்த உயிருக்கு அங்கே வாய்க்கவில்லை என்பதே அன்றைய கடல் சொன்ன செய்தி. அதைத்தான் நான்கு முழம் தள்ளிவிட்டான். கடலோரத்தில் வாழ்பவர் சென்று பார்த்து, "இல்லை" என்று சொல்லக்கூடும். எங்கள் மலைச்சிறுவன் என்ன செய்வான்? சரிபார்க்க வழியற்றவன் அவன். காட்டியதை நம்புவது தவிர அவனுக்கு வேறு வழியில்லை. ஆகவே மற்ற எவரையும்விட அவனுக்கே நாம் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறோம்.

இதைச் சொல்லும்போதே என் குரல் தாழ்ந்துபோனது. மறையுரைக்குப் பொருந்தும்படி ஒரு நோயாளியின் கடைசிச் சொல்லை, ஒரு தாயின் கண்ணீரை நானும் நான்கு முழம் நகர்த்தி வைத்ததுண்டு. கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். அந்தக் குச்சியைப் பற்றி நானும் வாய் திறந்ததில்லை. அவனிடம் அதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

இதழாசிரியருக்கு எழுதுவதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. எழுதினால் அடுத்த கட்டுரைக்கு இடம் கிடைக்காமல் போகலாம். ஆனால் நகர்த்துவதற்கு முன் எடுத்த முதல் படத்தை எனக்கு அனுப்பிவைத்தான். மங்கலான படம், ஃபிளாஷ் ஒளியில் தூசு பனித்தூவல்போல் மிதக்கிறது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கோமுகி அணையைப் பார்த்து என்னைக் கேட்ட அந்தச் சிறுவனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"இந்த வலையையும் எடுத்துட்டா, அது எதைப் புடிச்சுக்கும் சாமி?"