களி தின்ற பூனை

கருப்புச் சேலை கட்டுவதை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. முதலில் கருப்பு போனது, பிறகு கருநீலம், அப்புறம் மெரூன். இப்போது பள்ளிக்கூடத்துக்குச் சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறங்களில்தான் போகிறேன். எங்கள் வீட்டுப் பூனையின் நிறம் அது. முடி ஒட்டினாலும் தெரியாது.

பூனை வந்தது கார்த்திகைக் கடைசியில். பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுக்குத் தூரத்து உறவான ஓர் ஆயா இறந்துபோனார். மகன் குடும்பத்தோடு பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறான். அந்தப் பக்கம் பல வீடுகளுக்கு இதுதான் கதை. காரியம் முடிந்து வீட்டைப் பூட்டுகிற நேரம். பாத்திரம், ஆடு, கோழி, புளியமரத்துக் குத்தகை என்று எல்லாவற்றுக்கும் பங்கு பேசினார்கள். திண்ணையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்த பூனையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. காய்கறிக் கூடையில் போட்டுத் துண்டால் மூடி அதியமான்கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டேன். தர்மம் செய்கிற எண்ணமெல்லாம் இல்லை. அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆயா அதற்குப் பேர் வைத்திருக்கவில்லை. ‘பூன’ என்றுதான் கூப்பிடுவாராம். நாங்கள் வைத்த பேர் அதன் தோலில் இருந்து வந்தது. முதுகின் பின்பாதியில், வாலுக்குக் கொஞ்சம் மேலே, மயிரைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் செதில். சாமையைக் குத்திப் புடைத்த பிறகு முறத்தில் ஒட்டியிருக்குமே உமி, அந்த மாதிரி. கையை வைத்தால் ஒரு பிடி முடி கையோடு வரும். சாமை என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

தலையணையில் முடி. சாமி அறையில் முடி. ஒருநாள் ரசத்தில் முடி. “பூன முடி உள்ள போனா இழுப்பு வரும்” என்றார் அத்தை. நான் படித்ததைச் சொன்னேன்: ஒவ்வாமை முடியால் வருவதில்லை, பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிற ஒரு புரதத்தால் வருகிறது, அது காய்ந்து முடியோடும் செதிலோடும் பறக்கிறது. அத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான். எல்லாம் பூனைலருந்துதான வருது” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. ஒரு வீட்டில் ஒரு ஜீவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவே டாக்டர்தான். போர் தண்ணியைக் குறை சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் ஊரில் முடி கொட்டினால் முதல் குற்றவாளி அதுதான். வேப்பெண்ணெய் தடவச் சொன்னார் ஒருவர். நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறது, நாலு சொட்டு விடட்டுமா என்று கேட்டார் இன்னொருவர். நல்லவேளையாக அதை மட்டும் வேண்டாம் என்றேன். நாய்க்கான அந்தவகை மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு நஞ்சு என்பது அப்போது எனக்குத் தெரியாது. டப்பா பழசாக இருந்தது என்பதால்தான் மறுத்தேன்.

நான் செய்ததும் ஒன்றும் குறைச்சலில்லை. என் தலைக்குப் போடும் பொடுகு ஷாம்பூவை எடுத்து, மார்கழிக் குளிரில், வெந்நீர் விளாவி, வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் குளிப்பாட்டினேன். குளித்த அன்று பூனை பளபளவென்று இருக்கும். மூன்றாம் நாள் செதில் இரட்டிப்பாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்க வேண்டுமோ என்று நினைத்துக்கொள்வேன். வாசம் வருகிறதென்று கட்டிலுக்கு அடியில் பினாயில் போட்டு வேறு துடைத்தேன். அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் சாமை பகல் முழுக்கப் பதுங்கிக் கிடந்தது. பூனை தன் பாதத்தை நக்கும். தரையில் இருப்பது வாய்க்குப் போகும். இவ்வளவும் அன்போடுதான் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தை பிறந்ததும் தருமபுரி கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினேன். டவுன் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து ஒரு கதறல். பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “மடியில பூனயக் கட்டிக்கிட்டுச் சகுனம் பாக்கறதும்பாங்க, இப்பதான் நேர்ல பாக்கறேன்” என்றார். பஸ் சிரித்தது. காலபைரவர் இருக்கும் ஊர்க்காரர்கள் நாங்கள். தேய்பிறை அஷ்டமிக்குப் பூசணிக்காய் விளக்கு ஏற்ற வருகிற கூட்டத்தில் பைரவரின் வாகனம் என்று நாய்க்கு பிஸ்கட் போடாதவர் குறைவு. பூனைக்கு அப்படி ஒரு சிபாரிசு எங்கள் ஊரில் கிடையாது.

மருத்துவமனையில் கறவை மாடுகள், ஆடுகள், கால் வீங்கிய ஒரு சேவல். நடுவே நானும் என் கூடையும். டாக்டர் மேசையில் சாமையை வைத்ததும் அதன் உடம்பில் இருந்து முடி புகை மாதிரி பறந்தது. “பயந்தா இப்படித்தாம்மா கொட்டும்” என்றார். நெருக்கமான பல் உள்ள சீப்பால் முதுகை வாரி, விழுந்ததை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டினார். கருப்புப் பொடி இருந்து, ஈரம் பட்டதும் செங்காவியாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது பூனை இழந்த ரத்தம். கசியவில்லை. லென்ஸ் வைத்துச் செதிலையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒருவகை நுண்பூச்சி இருந்தால் செதிலே நடந்துபோகிற மாதிரி இருக்குமாம். நடக்கவில்லை. படர்தாமரை இருந்தால் வட்டமாக முடி போயிருக்கும், அது நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று காதோரம், மூக்கு, கால் விரல் இடுக்கு எல்லாம் பார்த்தார். அதுவும் இல்லை.

“என்னா சாப்புடுது?”

பெருமையாகச் சொன்னேன். தயிர்சோறு, பால், காலையில் பிஸ்கட். ஆயா வீட்டில் களி கரைத்து ஊற்றிப் பழக்கம், அதனால் வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுக் களி.

“அது நீங்க சாப்புடறது. பூன என்னா சாப்புடுது?”

வெளியே நின்ற ஆட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

டாக்டர் அன்று சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பூனை என்பது வேறு சட்டதிட்டங்களில் ஓடுகிற உடம்பு. முருங்கைக் கீரையையும் கேரட்டையும் தின்று அதிலிருந்து நாம் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்வோம். பூனையால் முடியாது, இறைச்சியில் இருந்து அதை நேராகத்தான் எடுத்தாக வேண்டும். தோலுக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களில் ஒன்றை நாம் நல்லெண்ணெய், கடலையெண்ணெயில் இருந்து உடம்புக்குள் உருவாக்கிக்கொள்வோம். பூனைக்கு அந்த வேலையும் சரியாக வராது. டாரின் என்று ஒன்று, இறைச்சியிலும் மீனிலும் இருப்பது. அது குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். 1987-இல்தான் டாரின் குறைவுக்கும் பூனைகளின் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதுவரை கடைத் தீனி தின்ற பூனைகளே இதயம் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தன. இனிப்பு என்ற சுவையே பூனைக்குத் தெரியாது, நாவில் அதை உணர்கிற ஏற்பி அதற்கு வேலை செய்யாது. காலைதோறும் நான் பாசத்தோடு நீட்டிய பிஸ்கட்டை அது என்ன நினைத்துத் தின்றதோ.

தின்கிற புரதத்தில் கணிசமான பங்கு தோலுக்கும் மயிருக்குமே போகிறது. புரதம் குறைந்தால் உடம்பு முதலில் காப்பாற்றுவது இதயத்தை, ஈரலை. மயிரைக் கைவிட்டுவிடும். வீட்டில் காசு குறைந்தால் வெள்ளையடிப்பதைத்தானே முதலில் நிறுத்துகிறோம். சுவர் உதிர்கிறதென்று சுவரையே தேய்த்துக்கொண்டிருந்தவள் நான்.

நான் தமிழ் ஆசிரியை. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை வருஷா வருஷம் நடத்துகிறேன். இது அவனுடைய தகடூர் மண், எங்கள் ஊரின் பேரே அவன் கோட்டை. பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தில் தனிப் பெருமிதம். அரிதாகக் கிடைத்ததைத் தான் உண்ணாமல் கொடுத்தான் என்பேன். கொடை என்றால் அதுதான் என்று முடிப்பேன். இந்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது கரும்பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். நெல்லியில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது என்று அறிவியல் ஆசிரியை சொல்லிக்கொடுத்திருப்பதைப் பிள்ளைகள் எடுத்துச் சொன்னார்கள். மனித உடம்பு அதைத் தானே தயாரிக்காது, வெளியே இருந்து வாங்க வேண்டும். பூனையின் ஈரல் தானே தயாரித்துக்கொள்ளும்! அதியமானே மலையேறிப் பறித்து வந்து நீட்டினாலும் சாமைக்கு அது ஒன்றுக்கும் ஆகாத காய். முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

அதியமானைக் குறைத்துச் சொல்லவில்லை. அவன் கொடுத்தது இன்னொரு மனிதருக்கு. ஒரே உடம்பு, ஒரே பசி, ஒரே மூப்பு. தனக்கு அருமையானது ஔவைக்கும் அருமைதான். அந்தக் கணக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை நான் யோசித்ததே இல்லை. எனக்குப் பொடுகு வந்தால் ஷாம்பூ, எனவே பூனைக்கும் ஷாம்பூ. எனக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால். அந்த ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை முறிக்கிற வேலை பூனையின் ஈரலில் மிகக் குறைவு. கூட இருக்கிற பிள்ளைகளிடம், மருமகளிடம், வயதானவர்களிடம் இப்படி எத்தனை பிஸ்கட் நீட்டியிருக்கிறேன் என்று அன்று இரவு ஒரு கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், பக்கத்து வீட்டு அக்கா போர் தண்ணியைக் குறை சொன்னதில் முழுக்கப் பிசகில்லை. எங்கள் மாவட்டத்துக்காரர்களை வெளியூரில் பல்லை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். பழுப்புக் கறை, வரி வரியாக. மழை பொய்த்தபோதெல்லாம் ஆழமாக, இன்னும் ஆழமாக என்று போர் போட்டோம். அடியில் உள்ள பாறையில் இருந்து கரைந்து வந்த ஃபுளோரைடு, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஊர்கள் ஏராளம். பல்லில் தொடங்கி முழங்கால், முதுகெலும்பு வரை போனது. எங்கள் பெரியவர்களில் சிலர் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் வாழ்ந்தார்கள். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகுதான் காவிரித் தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வந்தது. அதற்கு முன்பு கறையைப் போக்க அடுப்புக் கரி, சாம்பல், பற்பொடி என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தேய்த்துவிடாத தேய்ப்பில்லை. ஈறு கிழிந்ததே தவிரக் கறை போகவில்லை. அந்தக் கைதான் முப்பது வருடம் கழித்துப் பூனையை ஷாம்பூ போட்டுத் தேய்த்தது. போர் போட்டவர்களும் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற நல்லெண்ணத்தில்தானே போட்டார்கள்.

சாமைக்கு இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். குளியல் நின்றது. பினாயில் நின்றது. தீனியை ஒரே நாளில் மாற்றவில்லை. பத்து நாள் ஆக்கினோம், இல்லையென்றால் வயிறு கெடும். கோழி, அதன் இதயம், கொஞ்சமாக ஈரல் (ஈரல் அதிகமானாலும் வைட்டமின் ஏ மிஞ்சிவிடும்), வாரம் இருமுறை முள் எடுத்த மீன். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறேன். வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். வீட்டுச் சமையல் மட்டும் போதாதென்று டாக்டர் சொன்னதால் பூனைக்கான கடைத் தீனியும் உண்டு. பூனை பாலைவன வம்சம், தாகம் குறைவு. தீனித் தட்டில் இருந்து தள்ளி இரண்டு இடத்தில் மண்சட்டியில் தண்ணீர். தினம் மாலையில் ஐந்து நிமிடம் சீப்பு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் காத்திருப்பு. தோலின் மேலடுக்கு ஒருமுறை மாறவே மூன்று வாரம் போல ஆகும், மயிர் தேற மாதங்கள். அந்த மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டிருந்ததுதான் எனக்குக் கஷ்டமான வைத்தியம். ஒன்றும் செய்யாமல் இருப்பது அன்பில்லாதது போலவே இருந்தது. அத்தைதான் தேற்றினார்: “வெதச்ச மறுநாளே தோண்டிப் பாப்பியா நீ?”

மாசியில் ஒருநாள் கட்டிலுக்கு அடியில் இருந்து தானாக வந்து ஜன்னல் வெயிலில் படுத்தது. பங்குனியில் மயிரைப் பிரித்துப் பார்த்தால் உமி இல்லை. தோல் வெளிர் ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது. முடி மட்டும் கொட்டுகிறது. பகல் நீளும்போது பூனை குளிர்கால மயிரை உதிர்க்கத்தான் செய்யும். பாதி ராத்திரி வரை ட்யூப்லைட் எரிகிற வீட்டில் அதற்குப் பருவக் கணக்கும் குழம்பிவிடுமாம். ஆகவே கருப்புச் சேலைகள் பீரோவிலேயே இருக்கின்றன.

போன வாரம் விடியற்காலையில் அத்தை போட்ட சத்தத்தில் எழுந்தேன். என் தலையணைக்குப் பக்கத்தில், தரையில், பாதி எலி. நல்ல பாதி, தலைப் பக்கம். இரண்டடி தள்ளி சாமை உட்கார்ந்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தது. “தூக்கிப் போட்டுத் தொல” என்றார் அத்தை. சாமை சீப்பு வாரிய இடத்தை நக்க ஆரம்பித்து முகத்தைத் திருப்பும்வரை பொறுத்திருந்தேன். பிறகு தினசரித் தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு, அதற்குத் தெரியாமல், முருங்கை மரத்தடிக்குப் போனேன்.