ஒரே மண்ணில் பசித்தவர்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையாற்றிலும் சின்னாற்றிலும் சோதனைச் சாவடிகள் நிற்கின்றன. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மதராஸ் மாநிலத்து மலபாரிலிருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. இது மனிதர் வகுத்த எல்லை. காலடி மண்ணுக்குள்ளும் எல்லைகள் உண்டு. அவற்றை வகுப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்.

மக்கிய மரப்பட்டை, சாணம், மண் என்று உலகெங்கும் பரவியிருப்பவை மிக்சோபாக்டீரியாக்கள். தொடக்கத்தில் இவற்றில் சிலவற்றைப் பூஞ்சை என்றே எண்ணினார்கள். இவை பாக்டீரியாதான் என்று 1892இல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ரோலண்ட் தாக்ஸ்டர். குழப்பத்துக்குக் காரணம் இவற்றின் கூட்டு வாழ்க்கை. மிக்சோகாக்கஸ் சாந்தஸ் என்ற இனம் கூட்டமாக ஊர்ந்து போய், மற்ற பாக்டீரியாக்களைக் கொன்று கரைத்துத் தின்னும். இரை தீர்ந்து பசி வந்தால், ஏறக்குறைய ஒரு லட்சம் செல்கள் ஓரிடத்தில் திரண்டு, கடுகைவிடச் சிறிய மேடு ஒன்றை எழுப்பும். அதைக் கனியுடல் என்கிறார்கள். அதற்குள் பெரும்பாலான செல்கள் சிதைந்து மடிய, ஒரு பகுதி மட்டும் வறட்சியைத் தாங்கும் வித்துகளாகிறது. நல்ல காலம் வரும்போது வித்துகள் சேர்ந்தே முளைக்கும். வேட்டைக்குக் கூட்டம் அப்போதே தயார்.

இந்த ஒற்றுமைக்கும் வேலி உண்டு. வெவ்வேறு வம்சத்துக் கூட்டங்கள் ஆய்வகத் தட்டில் எதிர்ப்பட்டால் பல நேரங்களில் கலப்பதில்லை. நடுவே கோடு விழுகிறது. ஜெர்மனியின் டியூபிங்கனில் ஒரு சாணுக்கும் குறைவான சதுர மண்ணிலிருந்து எடுத்தவற்றிலேயே இப்படி ஒன்றோடொன்று சேராத வகைகள் பல இருந்தன.

அப்படியானால் ஒத்தது ஒத்ததோடுதான் சேரும் என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. ஒரே கனியுடலுக்குள்ளும் மரபணுவில் வேறுபட்ட வம்சங்கள் இருக்கின்றன. இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றும் சமய் பாண்டேயும் சூரிச்சின் கிரெகரி வெலிசரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. ஒரே கனியுடலிலிருந்து எடுத்த வம்சங்களைக் கலந்தபோது, அவை தனித்தனியே தருவதை வைத்து எதிர்பார்த்ததைவிட அதிக வித்துகள் பல முறை கிடைத்தன. வெவ்வேறு இடத்துக் கனியுடல்களிலிருந்து எடுத்துக் கலந்தபோதோ விளைச்சல் குறைந்தது. இடையிலிருந்த தூரம் கூடக் கூட, இழப்பும் கூடியது.

காரணத்தை ஊகிக்கலாம். சேர்ந்து பசித்து, சேர்ந்து முளைக்கும் கூட்டத்தில், கூட்டத்தைக் கெடுக்கும் வேறுபாடுகளை இயற்கை கழித்துவிடும், தோதானவை தங்கும்.

பாக்டீரியாவிடம் போய் அறம் கற்க வேண்டியதில்லை. அவை கொன்று தின்னும் கூட்டம். ஆனாலும் அந்த மாநில எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ ஒரு நாள் கடைவீதியில் நின்றால் இந்த ஆய்வு நினைவுக்கு வரும். ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் கலக்கின்றன. முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம் என்று நீர்ப்பிணக்குகள் இருக்கத்தான் செய்கின்றன. அதற்காக யாரும் மறுநாள் சந்தைக்கு வராமல் இருப்பதில்லை.

நாம் வேறுபாட்டுக்கு அஞ்சி எல்லை வகுக்கிறோம். அஞ்ச வேண்டியது பழகாத தூரத்துக்கு. சேர்ந்து வாழ்ந்து தேறிய வேறுபாடு ஒரு சமூகத்துக்குச் சுமையாவதில்லை, விளைச்சலாகிறது.