இரண்டாம் தராசு

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரம் மடுவத்தில் போய் நின்று பாருங்கள். சாக்கைத் தராசில் மாட்டியதும் எல்லாப் பெண்களின் கண்ணும் முள்ளின் மேல்தான். மழை நாளென்றால் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள். மழை விட்ட நாளிலும் சிலவேளை அதே கழிவுதான். “நேத்தும் ரெண்டு, இன்னைக்கும் ரெண்டாங்க ஐயா? கொழுந்து காஞ்சுதானே இருக்கு” என்று ஓர் அக்கா கணக்கப்பிள்ளையிடம் கேட்பார். சில நாள் ஒரு கிலோ திரும்பக் கிடைக்கும். பல நாள் கிடைக்காது. ஆனாலும் கேட்க முடிகிறது. முள் கண்ணெதிரே ஆடுகிறது; கழித்தவர் எதிரில் நிற்கிறார்.

அதே உழைப்பை நிறுக்கும் இன்னொரு தராசும் உண்டு. ஒரு நாட்டுக் காசுக்கு இன்னொரு நாட்டுக் காசு எவ்வளவு என்று சொல்லும் நாணய மாற்று விகிதம். அது எந்தப் பக்கம் சாய்ந்தபோதும், சாய்த்த கை எங்களுடையதாக இருந்ததில்லை.

தேயிலை இந்த மலையில் வேர்விட்ட காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய இரண்டு ஷில்லிங். உலகில் வெள்ளியின் விலை சரியச் சரிய ரூபாயும் சரிந்து, 1890களின் நடுவில் ஒரு ஷில்லிங் சொச்சத்துக்கு வந்துவிட்டது. தேயிலையை லண்டனில் பவுணுக்கு விற்ற துரைமாருக்கு ஒவ்வொரு பவுணுக்கும் கூடுதல் ரூபாய் கிடைத்தது. சதக்கணக்கில் எண்ணிக் கொடுத்த கூலி மட்டும் பெரிதாக அசையவில்லை.

ஓர் ஆறுதல் இருந்தது. இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் அன்று சரிக்குச் சரி. மலையிலிருந்து திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ பத்து ரூபாய் அனுப்பினால், அனுப்புகூலி போக, அங்கும் அது பத்து ரூபாய்தான். 1950இல் மத்திய வங்கி வந்த பிறகும் இரண்டு ரூபாய்களும் டொலருக்கு 4.76 என்று இணையாகவே நின்றன.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வழிவந்த எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. போகிற குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கமாட்டோம் என்று இலங்கை அதில் வாக்குக் கொடுத்தது. ஒரு தலைமுறை முதுகு வளைந்து சேர்த்த சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அந்தக் கணக்கில்தான் வரும்.

கையெழுத்திட்ட அன்று 4,000 ரூபாய்க்கு 4,000 ரூபாய். 1966 ஜூன் 6ஆம் திகதி இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 7.50 என்று இறக்கியது. 1967 நவம்பரில், பவுண் இறங்கியதைத் தொடர்ந்து, இலங்கை 5.95க்கு இறங்கியது. அதிகாரபூர்வ விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 1970இல் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பத்தின் 4,000 ரூபாய் அக்கரையில் ஐயாயிரம் சொச்சம். 1977 நவம்பரில் இலங்கை தன் ரூபாயைச் சந்தையின் போக்கில் விட்டது. டொலர் 16 ரூபாயை ஒட்டி வந்தது. 1978இல் கப்பலேறிய குடும்பத்தின் அதே 4,000, இராமேஸ்வரத்தில் ஏறக்குறைய 2,100.

அந்த இரண்டு குடும்பங்களும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்திருக்கலாம். ஒரே பெரட்டில் நின்று, ஒரே மலையில் கொழுந்து கிள்ளியிருக்கலாம். ஒரு குடும்பத்துக்குக் கடவுச்சீட்டு முந்தி வந்தது, மற்றதற்குப் பிந்தி வந்தது. பாதிக்கு மேல் கழிந்துபோக அவ்வளவு போதுமாக இருந்தது. ஈரம் எங்கே என்று கேட்க எதிரில் ஒரு கணக்கப்பிள்ளைகூட இல்லை.

போகாமல் தங்கியவர்களையும் அந்தத் தராசு விடவில்லை. ஆண்டுக்கணக்கில் கேட்டுப் போராடிய 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. அன்று டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். ஒரு நாள் உழைப்பு ஐந்து டொலர். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மீதிருந்த பிடியைத் தளர்த்த, மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. சம்பளச் சீட்டில் 1,000 அப்படியே இருந்தது; மதிப்பு மூன்று டொலருக்குக் கீழே.

தோட்டத்து மக்களுக்கு டொலரோடு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். விடியற்காலை அடுப்பில் வேகும் ரொட்டியைப் பாருங்கள். கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. டொலர் கொடுத்துக் கப்பலில் வருகிறது. மா விலை மூன்று மடங்கைத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கொழும்பு ஏலத்திலோ தேயிலையின் சராசரி ரூபாய் விலை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரு மடங்கானது. உரமும் எரிபொருளும் ஏறியது உண்மைதான். ஆனாலும் இலை ஏறியது, அதைக் கிள்ளிய விரல் ஏறவில்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனபோது டொலர் 300 அளவில் இருந்தது. நான்கரை டொலர். 2021இல் வென்றெடுத்ததைக்கூட அது எட்டவில்லை.

1964இல் சொன்ன 4,000ஐ யாரும் 3,999 ஆக்கவில்லை. 2021இல் சொன்ன 1,000ஐயும் யாரும் குறைக்கவில்லை. இரண்டு முறையும் எண்ணைக் காப்பாற்றினார்கள், வாக்கைக் காப்பாற்றவில்லை. கூலி என்பது ஒரு வாக்கு. இன்று நீ தந்த உழைப்புக்கு நாளை உன் பிள்ளைகளின் தட்டில் இவ்வளவு இருக்கும் என்பதுதான் அதன் பொருள். தட்டில் குறைந்த பிறகு எண் நிலைத்து நின்று என்ன பயன்?

சம்பளம் பேச உட்காருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். எத்தனை ரூபாய் என்று எழுதும் இடத்தில், ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ மா, எத்தனை கிலோ அரிசி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விலை ஏறும் மாதம் கூலியும் ஏறட்டும். மடுவத்தில் இரண்டு கிலோ கழிந்தால் அந்த அக்கா கேட்கிறார். இந்த இரண்டாம் தராசிலும் அவர் பார்த்துக் கேட்கும்படி, முள்ளை அவர் பக்கம் திருப்பி வையுங்கள்.