எண்ணும் எண்ணுவோனும்

வேங்கிக்காலில் நின்று அண்ணாமலையை நோக்கும் நில அளவையாளன், மலைமீது ஏறாமலே அதன் உயரத்தைக் கணித்துக் கூறுவான். தரையில் அளந்த நீளமும் கோணமும் அறியின், எஞ்சியதை முக்கோண விதி உணர்த்தும். அவ்விதிக்குச் சான்று யாதென வினவின் அதற்கு முற்பட்ட விதியொன்றைக் காட்டுவான்; அதற்குச் சான்று வினவின் அதனினும் முற்பட்டதொன்றைக் காட்டுவான். இங்ஙனம் பின்னோக்கிச் செல்லுங்கால், நிறுவப்படாது ஒப்புக்கொள்ளப்பட்ட சில மூல விதிகளே இறுதியில் எஞ்சும். அவற்றை ஐயுறுதல் தகுமோ? ஐயுறின் கணிதம் நிலைபெறுமோ? அளவை கொண்டு பொருள் துணியும் மரபினராகிய நமக்கும் இவ்வினா உரியதேயாம்.

கி.மு. 300 அளவில் யூக்கிளிட் வகுத்த வடிவ கணிதத்தின் ஐந்தாம் மூல விதி இணைகோடுகளைப் பற்றியது. அதனை ஏனைய விதிகளினின்றும் நிறுவ அறிஞர் ஈராயிரம் ஆண்டு முயன்றனர், இயலவில்லை. 1829-இல் லொபசேவ்ஸ்கியும் 1832-இல் போல்யாயும் அவ்விதியை விடுத்து வேறொரு வடிவ கணிதத்தையே வெளியிட்டனர். யூக்கிளிடின் கணிதம் முரணற்றதாயின் இதுவும் முரணற்றதே என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஐயத்தாற் பழைய கணிதம் அழிந்திலது. அதன் எல்லையே விளங்கிற்று.

எண்ணின் நிலையும் இதுவே. எவ்வெண்ணையும் அவ்வெண்ணால் வகுத்தால் ஒன்றே வரும் என ஆசிரியர் கூற, சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றோ எனக் கும்பகோணத்திற் பயின்ற சிறுவர் இராமாநுஜன் (1887–1920) வினவினாரென அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். எவ்வெண்ணைச் சுழியாற் பெருக்கினும் சுழியே வருமாகலின், அவ்வகுத்தற்கு ஒரு விடை துணிதல் கூடாது. விதியின் எல்லையைச் சிறுவரின் வினா காட்டிற்று. 1910 முதல் 1913 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த ரஸ்ஸல், வைட்ஹெட் என்போரது நூலில், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதற்குரிய நிறுவல் 300 பக்கங்கட்கு மேற் கடந்த பின்னரே வருகின்றது. 1931-இல் கெடல் என்பார், எண் கணிதத்தை அடக்கிய முரணற்ற விதித்தொகுதி எதுவும் தன் முரணின்மையைத் தன்னுள்ளேயே நிறுவமாட்டாதென மெய்ப்பித்தார்.

இதனைக் கேட்ட நம்மவருட் சிலர், "தருக்கம் தோற்றது, ஆகமம் வென்றது" என மகிழ்வர். அது பொருந்தாது. என்னை? கெடல் கண்ட முடிபும் தருக்கத்தாற் பெறப்பட்டதே. மேலும், நிறுவப்படாத விதியைக் கொள்ளலாம் என்பதொன்றே நமக்குத் துணையாயின், உலகாயதனும் அதனையே துணைக்கொண்டு தன் கொள்கையை நிறுத்துவான். பிறர் அளவையின் குறைவு நம் கொள்கைக்குச் சான்றாகாது.

அற்றேல், இவ்வாராய்ச்சியாற் பெறும் பயன் யாதெனின், கூறுதும். சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் மெய்கண்டார், 'அத்துவிதம்' என்னுஞ் சொல் ஒன்றெனப் பொருள்படும் என்பாரை மறுக்கின்றார். ஒரு பொருளே உளதாயின் அது தன்னை ஒன்றெனச் சுட்டுதல் இல்லை. சுட்டுவான் ஒருவன் வேண்டும். ஆகலின் அச்சொல் வேறன்மையையே உணர்த்தும் என்பது அவர் கருத்து. எண் என்பது எண்ணப்படுபொருள் ஒன்றாலேயே அமைவதன்று, எண்ணுவோனையும் வேண்டி நிற்பதென்பது இதனாற் பெறப்படும். கணிதம் எண்ணப்படுவனவற்றின் முறைமையைப் பழுதறக் கூறும். எண்ணும் அறிவு யாதென ஆராய்தல் அதன் தொழிலன்று. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளெல்லாம் ஆன்மாவின் சிற்சத்தியால் அளவையாவன என நம்மவர் கொண்டது இதுபற்றியே.

ஆற்றைக் கடந்த பதின்மர் தம்மை எண்ணி ஒன்பதின்மரே உளரென்று அழுத கதை யாவரும் அறிந்தது. அவர்தம் எண்ணல் விதியிற் பிழையில்லை. ஒவ்வொருவனும் தன்னை விடுத்து எண்ணினான். மீண்டும் மீண்டும் எண்ணியும் தீராத அக்குறை, "பத்தாமவன் நீயே" என வேறொருவன் உணர்த்தத் தீர்ந்தது. ஆன்மா அறிவித்தால் அறியும் இயல்பினதென்னும் சித்தாந்தத்திற்கு இக்கதை நல்லதோர் உவமையாம். எனினும், அறிவிப்பான் ஒருவன் உளன் என்பதைக் கணிதத்தின் எல்லையினின்றும் பெறலாகாது. நம் அறிவு தொழிற்படுமாற்றை ஆராய்ந்தே பெறல்வேண்டும்.

அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்திற் புறக்கொள்கையினர் வாதங்களை முறையே நிறுத்திய பின்னரே மறுத்தார். வினாவை அஞ்சாமை நம் ஆசிரியர் மரபு. தம் மூல விதிகளையே ஐயுற்றாய்ந்த கணித நூலார்க்கு நாம் காட்டத்தகும் நன்மதிப்பு, அவர்தம் முடிபைக் கடன்கொண்டு வெற்றி முழங்குதலன்று. அத்துணை நேர்மையோடு நம் முதல்நூல்களை ஓதி ஆராய்தலேயாம்.

திருச்சிற்றம்பலம்.